தெருவில் ஓர் இசை விழா: முதன்முறையாகக் குழு சேர்ப்பவர்களுக்கு

எங்கள் முதல் விழா முடிந்த மறுநாள் காலை, வாடகை நாற்காலிகளை எண்ணி அடுக்க 4 பேர்தான் இருந்தோம். முந்தின நாள் ராத்திரி மேடையில் ஏறிக் குழுப் படம் எடுத்துக்கொண்டபோது 30 பேருக்குக் குறையாது. எண்ணிப் பார்த்தால் 11 நாற்காலி குறைவு. அந்தக் காசை யார் கொடுப்பது என்று பேசப்போய், இருந்த நான்கு பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் விழாவை ஆர்வமே நடத்திக் கொடுத்துவிடும். எல்லாருக்கும் புதுசு, எல்லாரும் ஓடுவார்கள். இரண்டாவது ஆண்டு அப்படி இல்லை. அதனால் இங்கே சொல்லப்போவது எல்லாம், இரண்டாம் விழா நடக்க வேண்டுமென்றால் முதல் விழாவை எப்படி நடத்த வேண்டும் என்பதைத்தான். நான் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பெரிய ஸ்பான்சர் இல்லாமல், டிக்கெட் போடாமல், ஒரு தெருவிலோ ஊர்ப் பொது மைதானத்திலோ 300, 400 பேர் வந்து உட்கார்ந்து கேட்கிற மாதிரியான விழாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஒன்றும் நாம் கண்டுபிடித்ததும் இல்லை. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத் (தமுஎகச) தோழர்கள் திருவண்ணாமலை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் கடைகடையாக உண்டியல் குலுக்கி, விடிய விடிய கலை இலக்கிய இரவு நடத்தியவர்கள். சென்னையில் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் போன்றவர்கள் குப்பத்து மக்களோடு சேர்ந்து 2015 தொடக்கத்தில் ஒரு விழா ஆரம்பித்தார்கள். சபாவுக்குள் கேட்டுப் பழகிய கச்சேரி மீனவர் குடியிருப்புக்கு நடுவே நடந்தது. பிற்பாடு மாநகரப் பேருந்துக்குள்ளும் பாடினார்கள். விழாவின் பெயரும் சென்னை கலைத் தெரு விழா என்று மாறியது. 2020 டிசம்பரில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழா அளவில் வேறு ரகம். ஆனால் மார்கழி என்றால் யாருடைய இசை என்ற கேள்வியை அது நேராகவே கேட்டது. முடிந்தால் இவற்றில் ஒன்றுக்குப் போய், மேடையைப் பார்க்காமல் மேடைக்குப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு ராத்திரியில் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் ஆட்கள்

ஏழு பேர் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும் என்பதால் அந்த எண்ணிக்கை பின்னாலும் கைகொடுக்கும். முதல் வருடமே பதிவுக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு விழா சேர்ந்து நடத்திப் பார்த்தால் யார் யார் நிற்பார்கள் என்று தெரிந்துவிடும், அப்புறம் பதிவு செய்யலாம்.

ஏழு பேருக்கும் ஆளுக்கொரு வேலை, பெயர் போட்டு நோட்டில் எழுதுங்கள். கணக்கு, பணம், இடமும் அனுமதியும், கலைஞர்கள், மைக் செட்டும் கரண்டும், சாப்பாடு, தெருவோடு பேசுவது. இதில் கணக்கு எழுதுபவரும் பணம் வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

கூட்டத்தை எங்கே, எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள் என்பதே குழுவில் யார் இருப்பார்கள் என்பதை முடிவு செய்துவிடும். நாங்கள் ஆரம்பத்தில் ராத்திரி 9 மணிக்கு டீக்கடை பெஞ்சில் கூடினோம். 'பெண்கள் யாரும் ஆர்வமாக வருவதில்லையே' என்று அங்கேயே உட்கார்ந்து வருத்தப்பட்டும் கொண்டோம்! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4 மணி, நூலக வராண்டா என்று மாற்றியதும் மூன்று பெண்கள் வந்தார்கள். அதில் ஒருவர்தான் இன்றைக்கு எங்கள் கணக்கைப் பார்க்கிறார்.

வாட்ஸ்அப் குழு தகவல் சொல்வதற்கு மட்டும். முடிவெல்லாம் நேரில் கூடி எடுத்து, நோட்டில் எழுதி, வந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டவரெல்லாம் சம்மதித்தவர் இல்லை.

இன்னொன்று. குழுவில் பாடுகிறவர்கள், கிட்டார் வாசிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மேடை ஆசை இருக்கும், தப்பில்லை. ஆனால் குழுவினர் யாராவது மேடை ஏறுவதென்றால் அது முதல் 15 நிமிடத்தில், கூட்டம் சேரும் முன் என்று இப்போதே எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் 9 மணிக்குக் கூட்டம் நிறைந்து நிற்கும்போது நம் நண்பர் கிட்டாரோடு மேடையில் இருப்பார். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்த ஆட்டக் குழு கீழே காத்திருக்கும்.

பணம்

ஒரு லட்சம் திரட்ட முடியும் என்று தோன்றினால் 70,000-க்குத் திட்டம் போடுங்கள். அதில் பாதியைக் கலைஞர்களுக்கு என்று முதலில் தனியே எடுத்து வையுங்கள். அடுத்து வண்டி வாடகை, சாப்பாடு. அடுத்து மைக் செட், ஜெனரேட்டர். மேடை அலங்காரம், சீரியல் லைட், டி-ஷர்ட் எல்லாம் மிச்சம் இருந்தால் பார்க்கலாம். பணம் குறைந்தால் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டு வர வேண்டும், கலைஞர் பணத்தில் கை வைக்கக் கூடாது. பெரும்பாலான விழாக்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். பந்தல்காரர் முன்பணம் இல்லாமல் கம்பு நட மாட்டார், ஜெனரேட்டர்காரர் டீசலுக்குக் காசு கேட்பார். கலைஞர்தான் 'பிறகு பார்த்துக்கலாம் தம்பி' என்பார். அதனால் அவர் பணம்தான் கடைசியில் நிற்கும்.

காசாக வாங்குவதைவிடப் பொருளாக வாங்குவது பல நேரம் சுலபம். அரிசிக் கடைக்காரர் 500 ரூபாய் தர யோசிப்பார், ஒரு சிப்பம் அரிசி தந்துவிடுவார். அதையும் அதன் விலையோடு கணக்கில் எழுதுங்கள்.

எங்கள் குழுவில் முதல் பெரிய விரிசல் ஒரு கியூஆர் கோடில் வந்தது. அவசரத்துக்கு ஒரு நண்பரின் சொந்தக் கணக்கு கோடையே நோட்டீஸில் அச்சடித்துவிட்டோம். நன்கொடை 100, 200 என்று வந்து விழுந்தது. அதே கணக்கிலிருந்து அவர் வீட்டு வாடகை போனது, பிள்ளைக்கு ஃபீஸ் போனது, சீட்டுப் பணம் போனது. அவர் ஒரு ரூபாய் எடுத்திருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் எது விழாப் பணம், எது வீட்டுப் பணம் என்று அவராலேயே பிரித்துக் காட்ட முடியவில்லை. நாங்கள் கேட்க, அவருக்கு அவமானமாகிப் போக, நல்ல ஒரு மனிதரை இழந்தோம். சங்கம் பதிவாகும்வரை, இரண்டு பேர் பெயரில், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற வகையில் புதிதாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அதில் வேறு எந்தப் பணமும் நுழையக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களிடமும் கேட்பீர்கள். அங்கே ஒரு கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் கதை வேறு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ன் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று சங்கடப்படாமல் கேட்டுவிடுங்கள்.

இடம்

பொது இடம் என்று நாம் நினைப்பது எல்லாருக்கும் பொது இல்லை. கோயில் முன்னால் பரந்த திடல் இருக்கும், மேடைகூட இருக்கும். ஆனால் ஊரின் ஒரு பகுதியினர் அங்கே வந்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார முடியுமா? அதை யோசிக்காமல் இடம் பிடித்தால், பறை மேடையில் ஒலிக்கும், பறை அடிப்பவரின் சொந்தக்காரர்கள் திடலுக்கு வெளியே சாலையோரம் நின்று பார்ப்பார்கள். அப்படி நடந்த விழாக்களைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் எல்லாரும் நடமாடும் இடமாகத் தேடுங்கள். பேருந்து நிலையத்தை ஒட்டிய காலி இடம், வாரச்சந்தைத் திடல், கடற்கரை. எதுவும் கிடைக்காவிட்டால் காலனிக்குள் நடத்துங்கள், ஊரார் அங்கே வரட்டும். வரமாட்டார்கள் என்று பயமுறுத்துவார்கள். எங்கள் அனுபவத்தில், பாதிப் பேர் வந்தார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். கலைஞர், குழுவினர், தெருக்காரர், மைக் செட் பையன் எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே சாப்பாடு. 'முக்கிய விருந்தினர்களுக்கு மட்டும் உள்ளே' என்று ஒரு அறை தானாக முளைக்கும், முளைக்க விடாதீர்கள்.

இடம் முடிவானதும் சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள். நோட்டீஸ் கொடுப்பதற்கு இல்லை, கேட்பதற்கு. யார் வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிறார், எங்கே கைக்குழந்தை இருக்கிறது, எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை, யாருடைய வண்டி ராத்திரி 10 மணிக்கு வெளியே போக வேண்டும். குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை முடிவு செய்ய இந்தக் குறிப்புதான் உதவும். கழிப்பறை தர முன்வரும் வீடுகளும் இந்த நடையில்தான் கிடைக்கும். பெண் கலைஞர்களுக்கும் பார்க்க வரும் பெண்களுக்கும் கழிப்பறை ஏற்பாடு இல்லாத விழா 8 மணிக்கே பாதி காலியாகிவிடும்.

தெருவில் துட்டி விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். எங்கள் இரண்டாம் விழா அன்று காலையில் நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் காலமானார். என்ன செய்வதென்று கை பிசைந்து நின்றோம். அந்த வீட்டுக்காரர்களிடமே போய் உட்கார்ந்தோம். 'எடுத்துட்டுப் போனதுக்கப்புறம் நடத்துங்க, அப்பாவுக்குப் பாட்டுன்னா உசுரு' என்றார் மகன். இரண்டு நிகழ்ச்சியைக் குறைத்து, இரவு ஏழரைக்குத் தொடங்கினோம். மின்விளக்குத் தோரணம் எதுவும் போடவில்லை. முந்தின மாதம் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்திருக்காவிட்டால் அந்தப் பேச்சைத் தொடங்கியிருக்கவே முடியாது.

தேதி

தென் மாவட்டங்களில் ஊர்க் கோயில்களின் கொடை விழாக் காலத்தில் நல்ல கலைஞர் யாரும் கிடைக்க மாட்டார். சித்திரை, வைகாசி, ஆடி மூன்றையும் விட்டுவிடுங்கள், அவர்கள் வருடச் சம்பாத்தியம் அதில்தான். ஐப்பசி, கார்த்திகை மழை. மார்ச் மாதம் பரீட்சை. எங்களுக்குத் தோதாக இருப்பது தை, மாசி. பொங்கல் கழிந்த இரண்டாம், மூன்றாம் சனிக்கிழமை எங்களுக்குச் சரியாக இருக்கிறது. பனி மட்டும் கொஞ்சம் தொந்தரவு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கலைஞர்கள்

தேடத் தொடங்க நல்ல இடங்கள்: மாவட்ட அரசு இசைப்பள்ளி, கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம், பக்கத்து ஊர்க் கொடை விழா. யூடியூப் பார்த்துக் கூப்பிடாதீர்கள். நேரில் ஒரு முறை கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துக் கொடுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை நேரம், வண்டி வாடகை சம்பளத்தில் சேர்த்தியா தனியா, சாப்பாடு எத்தனை வேளை, திரும்பப் போக எத்தனை மணி ஆகும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். 'உங்களுக்கு ஒரு மேடை வாய்ப்பு தருகிறோம்' என்ற வசனத்தை வாயில் எடுக்காதீர்கள். 40 வருடம் கொடையில் பாடிய ஆளுக்கு நாம் என்ன வாய்ப்புத் தரப்போகிறோம்?

ஒவ்வொரு கலைக்கும் தேவை வேறு. பறை குழுவுக்கு மேடையே வேண்டாம், மண் தரை போதும். ஆனால் நெருப்பு வேண்டும். தோல் பறையை அனலில் காய்ச்சினால்தான் நாதம் ஏறும். பனி விழும் ராத்திரியில் அரை மணிக்கு ஒரு தரம் தோல் தளரும், மறுபடி காய்ச்ச வேண்டும். மேடைக்குப் பின்னால், பந்தல் துணிக்குத் தள்ளி ஓர் இடம் ஒதுக்கி, வைக்கோலும் பழைய காகிதமும் வைத்து, பக்கத்தில் மணல் வாளியோடு ஒரு ஆளை நிறுத்துங்கள். அந்த ஆளுக்கு எதற்கு நெருப்பு என்று விளக்கியும் சொல்லுங்கள். எங்கள் தன்னார்வலர் ஒருவர், யாரோ குப்பையை எரிக்கிறார்கள் என்று நினைத்துக் குடம் தண்ணீரை ஊற்றி அணைத்தார். குழு மேடைக்குப் போக ஐந்து நிமிடம் இருந்தது. இப்போது சிலர் ஃபைபர் பறை வைத்திருக்கிறார்கள், அதற்கு அனல் தேவையில்லை. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கணியான் கூத்துக்காரர்கள் அடிக்கும் மகுடம் என்ற தோல் கருவிக்கும் இதே கதைதான்.

வில்லுப்பாட்டுக்கு உட்கார்ந்து பாடும் மேடை, தாழ்வான மைக் ஸ்டாண்டுகள். வில்லுக்கும் குடத்துக்கும் உடுக்கைக்கும் தனித்தனியாக வேண்டும். அவர்கள் கொடையில் ராத்திரி முழுக்கக் கதை சொல்லிப் பழகியவர்கள். 40 நிமிடம்தான் என்றால் அதை முன்பணம் கொடுக்கும்போதே சொல்லி, கதையில் எந்தப் பகுதி என்பதை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நடுவில் சீட்டு அனுப்பி 'சீக்கிரம் முடிங்க' என்பது அசிங்கம்.

கரகாட்டம் என்றால் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய, விளக்கும் கண்ணாடியும் உள்ள ஒரு அறை கட்டாயம். பிளாஸ்டிக் தார்ப்பாயைக் கட்டி 'டிரஸ்ஸிங் ரூம்' என்று எழுதி ஒட்டாதீர்கள். மேடையில் ஏறிப் பணம் குத்துவது, கூட ஆடுவது, பக்கத்தில் நின்று போன் பிடிப்பது எதுவும் கூடாது என்று தொடக்கத்திலேயே மைக்கில் அறிவியுங்கள். பணம் கொடுக்க ஆசைப்படுபவர்களுக்குக் கீழே ஓர் உண்டியல் வையுங்கள், அது முழுக்க அந்தக் குழுவுக்கே. மீறி ஏறுபவர் எவ்வளவு பெரிய நன்கொடையாளராக இருந்தாலும் இறக்கிவிட இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். எங்கள் இரண்டாம் ஆண்டில் அப்படி இறக்கிவிடப்பட்டவர் 5,000 ரூபாய் கொடுத்தவர். மூன்றாம் ஆண்டு அவர் கொடுக்கவில்லை. அதனால் என்ன.

சம்பளத்தை அவர்கள் வண்டியில் ஏறும் முன் கையில் கொடுங்கள். போகும்போது நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கக் குழுவில் படித்த பிள்ளைகள் இருப்பார்கள்தானே.

அனுமதி

மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். இடம் யாருடையதோ அவரிடம் எழுத்தில் சம்மதம், ஊராட்சி அல்லது பேரூராட்சி அல்லது மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் தடையின்மைக் கடிதம், இரண்டையும் இணைத்துக் காவல் நிலையத்தில் மனு. நகல் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். மனுவில் நிகழ்ச்சி நிரல், நேரம், பொறுப்பாளர் இருவரின் எண்கள், எத்தனை ஸ்பீக்கர் என்பது வரை இருக்கட்டும். பொழுதுபோக்கு வரி ஏதும் உண்டா என்பதையும் உள்ளாட்சி அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஒலி மாசு விதிகள், 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. கலை இரவு போல விடிய விடிய நடத்தும் ஆசையை மூட்டை கட்டிவிடுங்கள். நிரலை 9.30-க்கு முடியும்படி போடுங்கள், எப்படியும் 9.55 ஆகும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக வைக்கவும் விதியில் இடம் உண்டு என்பதால், பள்ளி மைதானத்தைக் குறிவைத்திருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள்.

சினிமாப் பாட்டு பாடினால் காப்புரிமைக் கேள்வி வரும். தொழிலாக இல்லாமல் ஆர்வத்துக்காகப் பாடுபவர்களின் மன்றம் கட்டணம் வாங்காமல் நடத்துவதற்குக் காப்புரிமைச் சட்டம் 1957-ல் ஒரு விலக்கு உண்டு. ஆனால் நீங்கள் சம்பளம் கொடுத்து அழைத்து வரும் குழுவுக்கு அது பொருந்தும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்கள் சார்பில் உரிமம் கொடுக்கும் ஐபிஆர்எஸ் போன்ற அமைப்பிடம் கேளுங்கள், அல்லது எங்களைப் போல சினிமாப் பாட்டே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தொங்கும் ஃப்ளெக்ஸ் போர்டுக்கும் அனுமதி வேண்டும். சுவரொட்டியும் ஆட்டோ விளம்பரமும் போதும், காசும் மிச்சம்.

மைக் செட்டும் கரண்டும்

ஊரில் ரேடியோ செட் போடுபவரையே பிடியுங்கள். நகரத்திலிருந்து பெரிய சவுண்ட் சர்வீஸ் கொண்டுவந்தால் ஒலி நன்றாக இருக்கலாம், ஆனால் பணம் முழுக்க ஊரைவிட்டுப் போய்விடும். உள்ளூர்க்காரருக்கு அடுத்த வருடமும் நம் முகத்தில் முழிக்க வேண்டியிருக்கும், அதனால் கேபிள் அறுந்தாலும் ஓடிவருவார். ஒரே நிபந்தனை: குழாய் ஸ்பீக்கர் கூடாது, பெட்டிதான்.

எட்டுப் பெட்டியை மேடை ஓரத்தில் அடுக்கினால் முன்வரிசைக்குக் காது கிழியும், தெருக்கோடியில் ஒன்றும் புரியாது. நான்கை மேடையிலும் இரண்டைத் தெரு நடுவிலும் வைத்தால் குறைந்த சத்தத்தில் எல்லாருக்கும் கேட்கும். ஆனால் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வைத்தால், மேடை ஒலி அங்கே நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்து எதிரொலி போல இரட்டிக்கும். நடுத்தெரு ஸ்பீக்கருக்கு மிக்சரில் அதே அளவு டிலே கொடுக்கச் சொல்லுங்கள். விதிப்படி, ஒலிபெருக்கி வைத்திருக்கும் இடத்தின் எல்லையில் ஒலி 75 டெசிபலைத் தாண்டவே கூடாது. அந்தப் பகுதிக்கு விதியில் வகுத்திருக்கும் ஒலி அளவை விட 10 டெசிபலுக்கு மேல் போனாலும் தப்பு. செல்போனில் டெசிபல் ஆப் துல்லியமாகக் காட்டாது, ஆனாலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்குப் பயன்படும்.

மைக் கூவுகிறது என்றால் பத்தில் எட்டுத் தடவை ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் போய்விட்டது என்றுதான் அர்த்தம். ஸ்பீக்கரை மேடை விளிம்புக்கு முன்னால் தள்ளுங்கள். பறைக்கும் தவிலுக்கும் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோகாதீர்கள், அவை மைக் இல்லாமலே தெருவை நிறைப்பவை.

ஒலிச் சோதனையைத் தலைகீழாகச் செய்யுங்கள். கடைசியில் வாசிக்கும் குழு முதலில் சோதிக்கட்டும், தொடக்க நிகழ்ச்சிக்காரர் கடைசியில். அப்போது மேடை அவர்களுக்கு அமைத்தபடியே நிற்கும், விழா சொன்ன நேரத்துக்குத் தொடங்கும்.

கரண்டுக்கு மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேளுங்கள், அல்லது ஜெனரேட்டர். கம்பத்தில் கொக்கி போடுவது திருட்டு, உயிருக்கும் ஆபத்து. ஒலிக்கும் விளக்குக்கும் தனித்தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சீரியல் லைட் மினுக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் முனகும். எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள்.

அன்றைக்கு

அன்றைக்கு நீங்கள் விழா பார்க்க முடியாது, அதற்கு இப்போதே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் கையில் மட்டும் கடிகாரம் இருக்கட்டும், அவர் சொல்வதுதான் நேரம். பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை மூன்றும் விழாவைத் தின்றுவிடும். நாங்கள் முதல் வருடம் வாழ்த்துரைக்கு 50 நிமிடம் கொடுத்துவிட்டு நாதஸ்வரத்தை 20 நிமிடத்தில் முடிக்கச் சொன்னோம். நாதஸ்வரக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே ஒரு கீர்த்தனையோடு எழுந்துவிட்டார். இப்போது வாழ்த்துரையே கிடையாது. நன்கொடை தந்தவர்கள் பெயர் ஒரு கரும்பலகையில், தொகை இல்லாமல், அகர வரிசையில்.

குடிதண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி, 108 வண்டி நுழைய வழி. குடித்துவிட்டு வருபவரிடம் சண்டை போடாமல் பேசி டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைக்கத் தெரிந்த ஒரு அண்ணன் எல்லா ஊரிலும் இருப்பார், அவரைக் கண்டுபிடியுங்கள்.

மறுநாள்

நாற்காலியை அன்று ராத்திரியே எண்ணுங்கள். கூட்டம் கலையும் முன் மைக்கிலேயே, 'நீங்க உட்கார்ந்த நாற்காலியை நீங்களே கொண்டுவந்து அடுக்கிட்டுப் போங்க' என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. குப்பையைக் காலை 6 மணிக்குள் எடுத்துவிடுங்கள். தெருக்காரர்கள் எழுந்து வாசல் தெளிக்க வரும்போது இடம் முந்தின நாளைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஏழு நாளுக்குள் கணக்குக் கூட்டம். ரசீது இல்லாத செலவையும் மறைக்காமல், 'ரசீது இல்லை' என்று எழுதியே வாசியுங்கள். வரவு செலவு முழுவதையும் ஒரே தாளில் அடித்து, விழா நடந்த தெருவின் டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். முதல் தடவை ஒட்டியபோது, தோசைக்கு எதற்கு இவ்வளவு என்று மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு சாப்பாட்டுப் பொறுப்பை அந்த மூன்று பேரிடமே கொடுத்தோம், செலவு குறைந்தது.

அந்தத் தாளில் இப்போது எங்களுக்கு நிரந்தரமாக ஒரு வரி உண்டு: 'காணாமல் போன நாற்காலி'. போன தடவை அதற்கு நேரே 2 என்று எழுதினோம்.